மாதக் கடைசி மிச்சம்

அந்த நாற்காலி வேண்டாம், ஏசி நேராக உச்சந்தலையில் இறங்கும். இப்படி வாருங்கள். டோக்கன் எடுத்துவிட்டீர்களா? எடுக்காமல் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கலாம், யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். நான் முதலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்தப் போஸ்டரைப் பாருங்கள். சிறுத்தை ஓடுகிறது. மின்னலைவிட வேகமாம். அதற்குக் கீழே நாம் இத்தனை பேர் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் புது கனெக்‌ஷனா, புகாரா? புதுசா. நல்லது. நன்றாக இருங்கள். நான் ரெண்டும் இல்லை. பெரிய பிளானுக்கு மாற வந்திருக்கிறேன். லிமிட் இல்லாத பிளான். நானாக வரவில்லை, என் மகள் அனுப்பியிருக்கிறாள். தாரிணி என்று பெயர், ஓசூரில் இருக்கிறாள். காலையில் போன் செய்து, "அப்பா, பதினோரு மணிக்கு அம்மா மெஷினை ஏத்த வண்டி வருது. அதுக்குள்ள அன்லிமிடெட் போட்டுட்டு எனக்குக் கூப்பிடுங்க. நான் அம்மாகிட்டப் பேசி நிறுத்தறேன்" என்றாள். தகப்பனிடம் பேசுகிற மாதிரியா இருக்கிறது? தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்கிற மாதிரி இருக்கிறது.

அம்மா என்றால் என் மனைவி மரகதம். மெஷின் என்றால் அவளுடைய தையல் மெஷின். ஒண்டிப்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ரூம் பிடித்திருக்கிறாள். எதற்கு? அங்கே நெட் வேகமாக வருகிறதாம். தண்ணீர் வரவில்லை என்று வீடு மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் சரியில்லை என்று மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெட் வரவில்லை என்று சொந்த வீட்டைவிட்டு வாடகை ரூமுக்குப் போகிற பொம்பளையை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் அவளே முதல் ஆளாகப் போகிறாள்.

இன்னும் நேரம் இருக்கிறது. என் நம்பருக்கு முன்னால் நாலைந்து பேர்தான்.

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ரிட்டயர் ஆகும்வரை ஒரே மில், ஒரே ஸ்டோர், ஒரே நாற்காலி. ஸ்டோர் கீப்பர் என்றால் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் என்று நினைக்கிறார்கள். கொடுக்க யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் ஆள் வேண்டும். ஃபிட்டர் வந்து பத்து பேரிங் கேட்டால் ஐந்து கொடுப்பேன். அந்த ஐந்தில் ஓடும். ஓடாவிட்டால் மறுபடி வருவான், அப்போது ரெண்டு. மில்லை மூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். மூடும்போது ஸ்டோரில் ரெண்டு வருஷத்துக்குப் பேரிங் இருந்தது. போய்ப் பார்த்தால் இப்போதும் இருக்கும்.

மில்லில் இன்னொரு பழக்கம் உண்டு. எண்ணெய், துடைக்கிற நூல் வேஸ்ட், பல்பு எல்லாம் ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருப்பார்கள். மாதக் கடைசியில் மிச்சம் வைத்தால் அடுத்த மாதம் அந்த அளவைக் குறைத்துவிடுவார்கள். அதனால் முப்பதாம் தேதி வந்தால் எல்லா டிபார்ட்மென்டிலும் மெஷினுக்கு எண்ணெய்க் குளியல் நடக்கும். மிச்சம் வைக்கிறவன் ஏமாளி. இது மில்லில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மரகதம் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். நேரில் இல்லை, வீடியோவில். தாரிணி கல்யாணமாகிப் போகும்போது நெட் இணைப்பு வாங்கிக் கொடுத்து, இவளுக்கு ஏதோ ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இவள் டீச்சர். மஸ்கட்டில் ரெண்டு பேர், பினாங்கில் ஒருத்தி, பெங்களூரில் கொஞ்சம் பேர். ஜாக்கெட் கட்டிங் மட்டும்தான். அளவெடுப்பது, காகிதத்தில் வரைவது, துணியை மடித்துப் போட்டு வெட்டுவது. இவள் பெயர் சொன்னால் மஸ்கட்டில் தெரியுமாம். எங்கள் தெருவில் தெரியாது. இங்கே ஸ்டோர்க்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை அந்த வகுப்பு எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. நன்றாக நடந்ததாம். ஒரு நாளும் படம் நின்றதில்லையாம். சொல்லிவைத்த மாதிரி நான் ரிட்டயர் ஆன மாதத்திலிருந்து கம்பெனிக்காரன் வேகத்தைக் குறைத்துவிட்டான். ஒரு மனிதன் வீட்டில் வந்து உட்காரட்டும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறான் பாருங்கள்.

எங்களுடையது லிமிட் பிளான். மாதத்துக்கு இருநூறு ஜிபி. அதைத் தாண்டினால் நெட் நிற்காது, ஆனால் ஓடாது, நடக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. நான் வீட்டுக்கு வந்தவுடன் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அந்த நெட் பெட்டியை யாரும் உபயோகிக்காத நேரத்தில் ஆஃப் செய்துவிடுவேன். சும்மா பச்சை விளக்கு எரிந்தால் அதற்கும் ஜிபி போகும் இல்லையா? போகாது என்று தாரிணி சொல்கிறாள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள், கம்பெனிக்காரன் பக்கம்தான் பேசுவாள்.

நான் உபயோகிப்பது சொற்பம். பழைய மில் மெஷின்களை ஏலம் விடுகிற வீடியோ பார்ப்பேன். இத்தாலியில் விடுகிறார்கள், ஜப்பானில் விடுகிறார்கள். காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். அதையும் போனைக் குப்புறப் போட்டுவிட்டுத்தான் கேட்பேன். சத்தம் மட்டும்தானே வருகிறது, படம் செலவாகாது. சிரிக்கிறீர்கள். நீங்களும் தாரிணி மாதிரிதான். மரகதம் அப்படியா? தன் படத்தை அனுப்புகிறாள், அவர்கள் படத்தையும் வாங்குகிறாள். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். அந்த பினாங்குப் பெண் வகுப்பு முடிந்த பிறகும் அவள் வீட்டுப் பூனையைக் காட்டிக்கொண்டிருப்பாள். பூனைக்கு என் லிமிட்.

அதனால் மாதம் பிறந்தவுடன் நெட் நடக்க ஆரம்பித்துவிடும். ஒன்றாம் தேதியே. நான் கட்டுப்பாடு போட்டேன். வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் அரை மணி. "முகத்தைக் காட்டணுமா? துணியை மட்டும் காட்டு" என்றேன். "துணியக் காட்டறதுக்கும் அதே காமிராதானுங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். நானும் விடவில்லை. அரும்பாடு பட்டு மாதம் முழுக்கக் கட்டுப்படுத்தினேன். பலன் கிடைத்தது. இருபத்தாறாம் தேதி வாக்கில் பார்த்தால் நெட் குதிரை மாதிரி பாய்கிறது! வேகமாக வருகிறது என்றால் என்ன அர்த்தம்? மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். யாரால் மிச்சம்? சொல்லத் தேவையில்லை.

மிச்சத்தை என்ன செய்வது? விட்டுவிட்டால் கம்பெனிக்காரனுக்கு லாபம். ஏமாளி ஆக நான் தயாராக இல்லை. தாரிணி ஒரு பெரிய டிவி அனுப்பியிருந்தாள். அதில் மீன் தொட்டி வீடியோ ஒன்று இருக்கிறது, மணிக்கணக்காக ஓடும். இருப்பதிலேயே தெளிவான படமாக வைத்து, முப்பதாம் தேதி காலையில் போட்டுவிடுவேன். முப்பத்தொன்று உண்டென்றால் அது முடியும்வரை ஓடும். நாங்கள் சாப்பிடும்போது மீன். தூங்கும்போது மீன். ஆரஞ்சு மீன் ஒன்று வரும், அதன் செதிளை எண்ணிவிடலாம். அவ்வளவு தெளிவு. ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டேன். ஒன்றாம் தேதி காலையில் ஆஃப் செய்யும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும். மில்லில் மாதக் கணக்கு முடித்த மாதிரி.

மரகதத்துக்கு அந்த மீனைக் கண்டால் ஆகாது. "அந்த மீனை மட்டும் விடாதீங்க, என்ர கிளாசுக்கு அந்த ரெண்டு நாளாச்சும் நெட் வரட்டும்" என்றாள். மிச்சத்தில் வகுப்பு நடத்திப் பழகினால் அப்புறம் முழு மாதமும் கேட்பாள். ஒரு மாதம் ரிமோட் காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கடைக்குப் போய் எல்லா டிவிக்கும் ஆகிற ரிமோட் ஒன்று வாங்கி வந்துவிட்டேன்.

அவள் தொந்தரவு தாங்காமல் ஒரு நாள் கம்பெனிக்கு போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், அவளும் கேட்கட்டும் என்று. எடுத்தது ஒரு சின்னப் பெண்.

"சார், உங்க மாசம் இருபத்தாறாம் தேதி ஆரம்பிக்குது."

"என்ர மாசமா, உங்க மாசமா?"

"பில்லிங் மாசம் சார். நீங்க கனெக்‌ஷன் எடுத்த தேதி. இருபத்தாறுல புது லிமிட் ஏறுது. நீங்க முப்பது, முப்பத்தொண்ணுல அது மொத்தத்தையும் காலி பண்ணிடறீங்க. அப்புறம் அடுத்த இருபத்தஞ்சு வரைக்கும் ஸ்லோவாத்தான் சார் இருக்கும்."

"அம்மிணி, உங்க ஊட்ல காலண்டர் இருக்குதா?"

"இருக்கு சார்."

"அதுல மாசம் எந்தத் தேதியில ஆரம்பிக்குது?"

"ஒண்ணாம் தேதி சார். ஆனா..."

"அவ்வளவுதான். அதைத்தான் கேட்டேன்."

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். நான்தான் அவளுக்கு உதவி செய்திருக்கிறேன், அது அவளுக்குத் தெரியவில்லை. மாதம் எப்போது ஆரம்பிக்கும் என்பதைக்கூட இவர்களே முடிவு செய்வார்களாம். நாளைக்கு திங்கட்கிழமை புதன்கிழமை ஆரம்பிக்கிறது என்பார்கள். திரும்பி மரகதத்தைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் என் பக்கம்தான் நியாயம் என்று பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் வாயைத் திறந்திருப்பாளே.

ஒன்பதா? இல்லை, என்னுடையது பன்னிரண்டு. உங்களுடையது பதிமூன்றா? அடுத்தடுத்துதான்.

அப்புறம் அந்த மஸ்கட் விவகாரம். அங்கே செல்வநாயகி என்று ஒரு பெண். நாத்தனார் கல்யாணத்துக்குப் போடுவதற்கு ஒரு பட்டு ஜாக்கெட் துணி வைத்திருந்தாள். டீச்சர் பார்க்கப் பார்க்கத்தான் வெட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். அது மாத ஆரம்பம். நெட் நடக்கிற காலம். மரகதம் இங்கே ஒரு பழைய துணியை வைத்துக்கொண்டு காட்டுகிறாள், அந்தப் பெண் அங்கே பட்டை வைத்துக்கொண்டு அதே மாதிரி செய்கிறாள். மரகதம் முன்பக்கத் துணியில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, இங்கே வெட்டக் கூடாது, பின்பக்கத்தில்தான் இவ்வளவு இறக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. சத்தமும் இல்லை. மஸ்கட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரிகிறது? டீச்சர் முன்பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். நமக்காகக் காத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். வெட்டிவிட்டாள். முன் கழுத்து நெஞ்சுவரை இறங்கிவிட்டது.

படம் திரும்ப வந்தபோது அந்தப் பெண் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரியா டீச்சர்?" என்று சிரிக்கிறாள்.

நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். மரகதத்தின் சத்தமே வரவில்லை என்று எட்டிப் பார்த்தேன். போனைப் பிடித்தபடி நிற்கிறாள். நிலைமையைப் புரிந்துகொண்டு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேன். "உடு, மஸ்கட்ல வெயில் அதிகம். கழுத்து பெருசா இருந்தா காத்தோட்டம்தான்" என்றேன். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். இவள் என்னைப் பார்த்தாள் பாருங்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்திருக்கலாம்.

தன் கூறைப் புடவைக்குத் தோதாக வைத்திருந்த பட்டை எடுத்து, அந்தப் பெண்ணின் அளவுக்குத் தானே தைத்து மஸ்கட்டுக்கு அனுப்பினாள். ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பட்டை வெட்டியது மஸ்கட்டில் இருக்கிறவள். வேகத்தைக் குறைத்தது கம்பெனிக்காரன். என்னிடம் ஏன் பேசவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதற்குள் இந்தச் செய்தி பரவி, பெங்களூர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டீச்சர் நல்ல டீச்சர்தான், ஆனால் பாதியில் சிலையாகிவிடுகிறார் என்று ஒருத்தி எழுதியிருந்தாளாம். கடைசியில் நாலு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருத்தி பூனைக்காரி.

அதற்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டுக்குள் போனில் பேசலாம், போனுடைய நெட் கிடைக்காது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடைக்கும். அங்கே பலகையைப் போட்டு, துணி பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, ஒரு கையில் போன், ஒரு கையில் சாக்பீஸ். காற்று அடித்தால் காகிதம் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முன்பக்கமும் ரெண்டு கையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். காகிதத்தில் வெட்டியதுதான். "என்னங்க, அம்மா மாடியில என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "பட்டம் விடறாங்க" என்றேன். மேலிருந்து மரகதம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு நடுவிலேயே. பினாங்குக்காரி பதறிப் போய் தாரிணிக்கு போன் செய்ய, தாரிணி எனக்கு போன் செய்ய, நான் மேலே ஏறிப் போனால் இவள் தொட்டி நிழலில் சுவரில் சாய்ந்துகொண்டு, போனைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க, அந்தக் கை வளைவை மட்டும் இன்னொரு தடவை வரைஞ்சு காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மோர் கொண்டுபோனேன். இதையும் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் செய்யாதவன் இல்லை.

அடுத்த வாரம் ஒருவன் ஏணியும் ட்ரில்லிங் மெஷினுமாக வந்து நிற்கிறான். மேடம் பெயரில் தனி கனெக்‌ஷனாம். தன் வகுப்புக் காசில் அவளே போட்டுக்கொள்கிறாளாம். நான் வாசலில் நிறுத்திவிட்டேன். "ஒரு ஊட்டுக்கு ரெண்டு ஒயர் எதுக்குப்பா? இங்க என்ன ரெண்டு குடும்பமா இருக்குது?" என்றேன். "அம்மா காசு கட்டிட்டாங்களே" என்றான். "செவுத்துல ஓட்டை போடறதுக்கு யாரு சம்மதிக்கணும்? செவுரு யாரு பேர்ல இருக்குது?" என்றேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மரகதம் ஈரக் கையோடு வெளியே வந்து, அவன் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளதே போதும், மரகதம். கட்டுப்பாடா இருந்தா எல்லாம் போதும்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். சரிங்க. நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? ஒருவர் சரி என்றால் சரி என்றுதானே அர்த்தம்? அந்தச் சரிங்க சொல்லிவிட்டு ஒண்டிப்புதூரில் ரூம் பார்த்து, முன்பணம் கொடுத்து, சாவியும் வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ரெண்டு நாள் அந்தச் சாவியை நான் மீட்டர் பெட்டிச் சாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை. நேற்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிங் பலகை, அயர்ன் பாக்ஸ், நூல்கண்டுப் பெட்டி. அது சரி. ஒரு பாய், தலையணை. மத்தியானம் கொஞ்சம் சாய வேண்டுமே. சின்ன குக்கர், ஒரு ஸ்டவ். வெளியே சாப்பிட்டால் அவளுக்கு ஆகாது. சேலைகள், பிரஷர் மாத்திரை, மழைக்காலத்துக்குப் போடுகிற ஸ்வெட்டர். இப்போது சித்திரை. ஸ்வெட்டர் எதற்கு என்று புரியவில்லை. முன்யோசனை ஜாஸ்தி அவளுக்கு. தாரிணிதான் தேவையில்லாமல் பதறுகிறாள். "அப்பா, உங்களுக்குப் புரியுதா இல்லையா?" என்று கேட்கிறாள். எனக்கா புரியாது?

பன்னிரண்டு. என் நம்பர். இதோ வந்துவிடுகிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே குடைதான்.

*

வந்துவிட்டேன். இல்லை, இன்னும் முடியவில்லை. நகருங்கள், உட்கார்ந்துகொள்கிறேன்.

கவுண்டரில் இருக்கிற பெண் மரியாதையான பெண். குறை சொல்லக் கூடாது. விலையைக் கேட்டேன். இப்போது கட்டுவதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அளவே இல்லாத சாமானை இந்த விலைக்குக் கொடுக்கிறான் என்றால் அது என்ன சாமான்? 

"எவ்வளவு வேணாலும் யூஸ் பண்ணலாம் சார். டபுள் ஸ்பீடு" என்றாள்.

"எவ்வளவு வேணாலும்னா?"

"எவ்வளவு வேணாலும்தான் சார்."

"மாசக் கடைசியில மிச்சம் எவ்வளவுன்னு எப்படிப் பார்க்கறது?"

"இதுல மிச்சம்னே ஒண்ணு கிடையாது சார்."

"யாரு எவ்வளவு எடுக்கறாங்கன்னு?"

"அதெல்லாம் யாரும் பார்க்கத் தேவையில்ல சார். ஆன் பண்ணி உட்டுட்டு நீங்க நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதியாக இருக்கலாமாம். அவளுக்கென்ன, சின்னப் பெண், வேலை இருக்கிறது, ஒரு கவுண்டர் இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் அந்தப் பெட்டியை ஆன் செய்வது நான். வகுப்பு முடிந்ததா என்று பார்ப்பது நான். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பது நான். யாரும் பார்க்கவே தேவையில்லாத ஒரு சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு... சரி, விடுங்கள். ஆள் எதற்கு அப்புறம்? நான் ஸ்டோரைச் சொல்கிறேன். பொதுவாக.

கையெழுத்துக்கூட வேண்டாமாம். என் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பினாள். அதை வாயால் சொன்னால் போதும், அந்த நிமிஷமே அன்லிமிடெட் ஆகிவிடும். நம்பர் வந்தது. இதோ பாருங்கள், வந்திருக்கிறது. "சொல்லுங்க சார்" என்றாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்குள் சொல்லாவிட்டால் அந்த நம்பர் செல்லாதாம். லிமிட் இல்லாத பிளானுக்கே லிமிட் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

சொல்லத்தான் போகிறேன். சொன்னால் தாரிணி அம்மாவிடம் பேசுவாள், வண்டி வெறுமனே திரும்பிப் போகும். அவ்வளவுதானே. வாயில் இருக்கிறது நம்பர்.

இருங்கள், வீட்டிலிருந்து போன்.

ம்... சொல்லு. வந்துருச்சா? பதினோரு மணின்னாங்க? ம்... ம்... ஏ, அப்படியே தூக்கக் கூடாது, தூக்கக் கூடாது! ஸ்டாண்டு கால் ஒடைஞ்சுரும். அவங்கிட்டக் குடு. தம்பி, மொதல்ல மோட்டார் பெல்ட்டைக் கழட்டு. கழட்டுனியா? இப்ப மெஷின் தலையைப் பின்னால சாய்ச்சா அடியில ரெண்டு ஸ்க்ரூ தெரியும். அதைத் தளர்த்துனா தலை தனியா வந்துரும். ஆமா. அதைக் கோணிப்பையில சுத்தி உன்ர மடியில வெச்சுக்கோ, வண்டியில கீழ வெக்காத. குலுங்குனா தையல் நேரா உழுகாது. ஸ்டாண்டைத் தனியாக் கட்டு. ஆங், அப்படித்தான். அந்தம்மாகிட்டக் குடு.

பார்த்தீர்களா? நான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற முடியாது. கட்டிப்போட்டு இழுத்திருப்பான், ஒண்டிப்புதூர் போவதற்குள் எல்லாம் தூளாகியிருக்கும். நல்ல நேரத்தில் கேட்டாள்.

ம், இருக்கேன், சொல்லு. சின்னக் குக்கரா, எடுத்துக்கோ. ரெண்டாவது கேஸ்கட் மேல் தட்டுல இருக்குது, அதையும் எடுத்துக்கோ. அங்க போய் மெஷினை யாரு மாட்டுவாங்க? பெல்ட் எந்தப் பக்கமா வரும்னு தெரியுமா உனக்கு?

...

வைத்துவிட்டாள். "இத்தன வருசமா அதுலதானுங்க உக்காந்திருக்கேன்" என்கிறாள்.

பதிமூன்று கூப்பிடுகிறார்கள், உங்களுடையதுதான். போங்கள், போங்கள். நான் இன்னொரு நம்பர் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.